ஃபிரிட்ஜுக்கு மேலே 18 அங்குலம்

சென்னைப் புறநகரில், முதல் மாடியில், 25 ஆண்டு பழைய ஃபிளாட்டில் வசிக்கும் ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கையால் வரைந்த படம், நான்கு புகைப்படங்கள், ஃபிரிட்ஜின் கையேட்டிலிருந்து ஒரு பக்கம் என எல்லாம் இணைத்திருக்கிறார். இப்படி அளவோடு எழுதுகிறவர்கள் குறைவு. பதில் சொல்லவும் சுலபமாக இருக்கிறது.

கடிதத்தின் சாரம் இது. சமையலறை 8 அடிக்கு 7 அடி. ஓரத்தில் மூன்று பக்கமும் சுவருள்ள ஒரு மாடம், அகலம் 30 அங்குலம். அதில்தான் டபுள் டோர் ஃபிரிட்ஜ் நிற்கிறது. 7 அடி உயரத்தில் கான்கிரீட் பரண் குறுக்கே ஓடுகிறது. ஃபிரிட்ஜின் உயரம் கையேட்டின்படி 66 அங்குலம். ஆக, ஃபிரிட்ஜ் தலைக்கும் பரணுக்கும் நடுவே 18 அங்குலம் "சும்மா கிடக்கிறது". இப்போது அங்கே பழைய பேப்பர், காலி டப்பா, மாமியாரின் மாத்திரைப் பெட்டி, ஒரு ஸ்டெபிலைசர். அந்த இடத்தில் கப்போர்டு அடித்து இட்லிக் கொப்பரை, 10 லிட்டர் குக்கர், வருஷத்து மிளகாய்த்தூள், எண்ணெய் டின், முடிந்தால் அரிசி மூட்டையும் வைக்க வேண்டும் என்பது வாசகியின் திட்டம். கணவருக்கு ஃபிரிட்ஜைச் சுற்றி தரையிலிருந்தே பெட்டி கட்டி, வெளிநாட்டு வீடியோக்களில் வருவதுபோல முகப்போடு முகப்பாகப் பொருத்த ஆசை. கார்பென்டர் அதற்குச் சரி என்று சொல்லி, சதுர அடிக்கு 1,900 ரூபாய் வீதம் 33,250 ரூபாய் கணக்குப் போட்டு, 15,000 அட்வான்ஸும் வாங்கிவிட்டார். மாமியார் மட்டும் "ஃபிரிட்ஜுக்கு மூச்சு முட்டும்" என்கிறாராம். யார் சொல்வது சரி, அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கலாமா என்பவை கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. அதைக் கணவரிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம். காரணங்களை நான் தருகிறேன்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். உங்களிடம் 18 அங்குலம் இல்லை, 14தான் இருக்கிறது. மூன்றாவது புகைப்படத்தைப் பாருங்கள். ஃபிரிட்ஜ் ஒரு பிளாஸ்டிக் ஸ்டாண்டின் மேல் நிற்கிறது. அது குறைந்தது 4 அங்குலம் இருக்கும். கையேட்டில் இருப்பது ஃபிரிட்ஜின் உயரம், ஸ்டாண்டின் உயரத்தை அதில் யாரும் எழுதமாட்டார்கள். கார்பென்டரும் அளவெடுக்கவில்லை, நீங்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார் என்று தெரிகிறது. பலகை அறுத்துக் கொண்டுவந்த பிறகு இது தெரியவந்திருந்தால் பெரிய சண்டையாகியிருக்கும்.

இன்னொன்று. ஃபிரிட்ஜின் பக்கங்கள் சுடுகின்றன, பழுதோ என்று கேட்டிருக்கிறீர்கள். பழுதில்லை. பழைய ஃபிரிட்ஜ்களின் முதுகில் கறுப்புக் கம்பி வலை ஒன்று இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? உள்ளேயிருந்து எடுத்த சூட்டை வெளியே விடுவது அதுதான். இப்போது வரும் பெரும்பாலான ஃபிரிட்ஜ்களில் அந்தக் குழாய்களைப் பக்கவாட்டுத் தகட்டுக்குள் ஒளித்துவிடுகிறார்கள். முதுகு மொழுமொழுவென்று இருக்கும், விலா சுடும். அதனால்தான் பக்கத்தில் விடும் இடைவெளி அழகுக்காக அல்ல. சூடு போக வழியில்லாவிட்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். கரண்ட் பில் ஏறும், கம்ப்ரசரின் ஆயுசும் குறையும்.

இதை நான் என் வீட்டிலேயே பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று எங்கள் ஃபிரிட்ஜைச் சுற்றி இரண்டு பக்கமும் பலகை நிறுத்தி, மேலே கப்போர்டு வைத்து, நடுவில் தெரிந்த இடைவெளியையும் ஒரு பட்டையால் மூடினேன். வந்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். அந்த மே மாதம் ஐஸ் கட்டவில்லை, பால் திரிந்தது. வந்த மெக்கானிக் கருவி எதையும் எடுக்கவில்லை. பலகைக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே கையை விடப் பார்த்தார், கை போகவில்லை. "யார் சார் இத டிசைன் பண்ணது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

உங்கள் மாடத்தின் உண்மையான கணக்கு

நீங்கள் அனுப்பிய கையேட்டுப் பக்கத்தில் பின்புறமும் பக்கங்களிலும் 5 செ.மீ., மேலே 10 செ.மீ. இடம் விடச் சொல்லியிருக்கிறது. அதாவது 2 அங்குலமும் 4 அங்குலமும். மாடலுக்கு மாடல் இது மாறும். உங்களுக்கு உங்கள் கையேடுதான் வேதம்.

மாடம் 30 அங்குலம், ஃபிரிட்ஜ் 25½. மிச்சம் 4½. இரண்டு பக்கத்துக்கும் பிரித்தால் ஆளுக்கு 2¼. தப்பித்தோம். இப்போது கணவர் கேட்கும் பெட்டியைக் கட்டினால் இரண்டு பக்கமும் 19 மி.மீ. பலகை நிற்கும். அதற்கே 1½ அங்குலம் போய்விடும். பக்கத்துக்கு 1½தான் மிஞ்சும். கையேடு கேட்பது கிடைக்காது. ஆகவே தரையிலிருந்து எழும் பக்கப் பலகை கூடாது. இதில் பேரம் இல்லை.

முகப்போடு முகப்பாகப் பொருத்துவதிலும் சிக்கல் இருக்கிறது. ஃபிரிட்ஜின் கதவு 90 டிகிரிக்கு மேல் விரிந்தால்தான் காய்கறி டிரேயை முழுதாக இழுக்க முடியும். இப்போது உங்கள் ஃபிரிட்ஜ் மாடத்தைவிட 5 அங்குலம் முன்னால் துருத்திக்கொண்டிருப்பதால் கதவு தாராளமாக விரிகிறது. அந்தத் துருத்தலைப் பலகையால் மறைத்தால் கதவு பலகையில் இடிக்கும். வீடியோவில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் பெட்டிக்குள் பொருத்துவதற்கென்றே செய்த ஃபிரிட்ஜ். அதில் காற்று கீழ்ப்பகுதி வழியாகப் போய்வர வழி வைத்திருப்பார்கள். உங்களுடையது தனியாக நிற்பதற்கென்று செய்த ரகம்.

இன்னும் ஒரு விஷயம். இன்று வீட்டு ஃபிரிட்ஜ்களில் பரவலாக உள்ள குளிர்வாயு ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். எரியக்கூடியது. அளவு மிகக் குறைவு என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் சுற்றியுள்ள காற்று வழிகளை அடைக்காதீர்கள் என்று கையேடுகளில் எச்சரிக்கை போடுவதற்கு அதுவும் ஒரு காரணம். பின்பக்க ஒட்டுச்சீட்டில் எழுத்து இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சூடு எந்த வழியாகப் போகும்?

கார்பென்டர் சொன்ன சமாதானம் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள்: "கப்போர்டுக்குப் பின்னாடி ரெண்டு இஞ்ச் விட்டுடறேன்க்கா, சூடு மேல போயிடும்." மேலே திறந்திருந்தால் அது நல்ல யோசனைதான், புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். ஆனால் உங்கள் வீட்டில் மேலே கான்கிரீட் பரண் அடைத்துக்கொண்டு இருக்கிறது. பின்னால் ஏறும் சூடு பரணில் முட்டி அங்கேயே தங்கும். எனவே உங்களுக்கு ஒரே வழி, முன்பக்கம். ஃபிரிட்ஜ் தலைக்கும் கப்போர்டு அடிக்கும் நடுவில் விடும் 4 அங்குலச் சந்து முன்னால் முழுக்கத் திறந்தே இருக்க வேண்டும். "அந்தச் சந்து அசிங்கமா தெரியுது" என்று பட்டை அடிக்க யார் வந்தாலும் விடாதீர்கள். அதில் பேப்பரும் செருகாதீர்கள்.

சூடு அந்த வழியாகப் போகும் என்பதால்தான் உங்கள் சாமான் பட்டியலில் பாதியை அடிக்கிறேன். மிளகாய்த்தூளும் எண்ணெயும் அங்கே வேண்டாம். வெதுவெதுப்பில் தூளின் மணம் போகும், எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். மாத்திரைப் பெட்டியை இன்றைக்கே இறக்கிவிடுங்கள், கப்போர்டு வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். அரிசி மூட்டை பற்றிச் சொல்லவே வேண்டாம், 25 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கும் வேலை யாருக்கும் ஆகாது. அதன் இடம் மேடைக்குக் கீழே.

இட்லிக் கொப்பரை வைக்க இடம் கிடைக்குமா?

இப்போதுள்ள ஸ்டாண்டோடு பார்த்தால் மிச்சம் 14 அங்குலம். காற்றுக்கு 4, மேல் பலகையும் அடிப்பலகையும் சேர்த்து 1½ கழித்தால் உள்ளே 8½தான். தட்டு அடுக்கலாம், கொப்பரை நுழையாது.

ஸ்டாண்டை எடுத்துவிடுவதே என் யோசனை. ஃபிரிட்ஜின் கீழேயே மட்டம் பார்த்துத் திருகும் கால்கள் இருக்கின்றன. தரையில் நிற்பதற்குத்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. வீடு துடைக்கும் தண்ணீர் படும், கால் துருப்பிடிக்கும் என்ற பயம் நியாயமானது. அதற்கு ¾ அங்குல கிரானைட் துண்டு ஒன்றை அடியில் போட்டுவிடலாம். மேடைக்கல் அறுக்கும் கடைகளில் மிச்சத் துண்டாகவே மலிவாகக் கிடைக்கும். ஃபிரிட்ஜ் ஆடாமல் நிற்கும், ஸ்டாண்டைவிட உறுதி. இப்படிச் செய்தால் கப்போர்டின் உள்ளுயரம் 11¾ அங்குலம் வரும்.

ஆழம் 24 அங்குலம் இருக்கட்டும், பரணின் முகப்போடு சேரும்படி. மற்ற மேல் கப்போர்டுகளைப்போல 12 அங்குலத்தில் செய்து சுவரோரம் மாட்டினால், ஃபிரிட்ஜின் நெஞ்சைக் கட்டிப்பிடித்து எட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். நான் பார்த்த வீடுகளில் ஃபிரிட்ஜுக்கு மேலிருக்கும் கப்போர்டு திறக்கப்படாமலே கிடப்பதற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம், உயரம். உங்கள் உயரம் 5 அடி என்கிறீர்கள். கையை நீட்டினால் ஏறத்தாழ 6 அடி 3 அங்குலம் எட்டும். கப்போர்டின் அடிப்பலகை 5 அடி 11 அங்குலத்தில் வரும். அதாவது முன்வரிசையில் அடியில் இருப்பதைத்தான் நீங்கள் தொட முடியும். 4 அடி 10 அங்குலம் உள்ள உங்கள் மாமியாருக்கு அது கிட்டத்தட்ட இல்லாத கப்போர்டு. ஆகவே தினமும் எடுக்கும் சாமான் எதுவும் அங்கே போகக்கூடாது. முறுக்கு அச்சு, கொழுக்கட்டைத் தட்டு, தீபாவளிக்கு மட்டும் இறங்கும் பெரிய எவர்சில்வர் டிரே, விருந்தாளி வந்தால் எடுக்கும் தட்டுகள் என்று கனமில்லாதவை போகட்டும். நடுவில் ஒரு செங்குத்துத் தடுப்பு வைக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் டிரே, தாம்பாளம், சப்பாத்திப் பலகையெல்லாம் நெட்டுக்குத்தாக நிற்கும், ஒன்றை எடுக்க ஒன்பதை இறக்க வேண்டாம். மறுபக்கம் முன்னால் கைப்பிடி உள்ள நீளமான பிளாஸ்டிக் கூடை, டிராயர்போல இழுக்கலாம். 10 லிட்டர் குக்கர் உங்கள் உயரத்துக்கு அங்கே ஆபத்து, மூடியே தலையில் விழும்.

எடுக்க ஏறும்போது பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். பிடிமானம் உள்ள இரண்டு படி மடக்கு ஏணி ஒன்று வாங்கி ஃபிரிட்ஜுக்கு எதிர்ச் சுவரில் மாட்டிவிடுங்கள். கப்போர்டின் செலவோடு அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கதவு விஷயத்தில் கார்பென்டர் "ஹைட்ராலிக்" போடலாம் என்கிறாராம். மேல்நோக்கித் தூக்கும் கதவு. திறந்தால் அதன் கைப்பிடி 7 அடிக்கு மேல் போய்விடும், பிறகு மூட ஆள் தேட வேண்டும். பரண் கதவிலும் இடிக்கலாம். சாதாரணமாகப் பக்கவாட்டில் திறக்கும் இரண்டு ஷட்டர் போதும். கதவே வேண்டாமா என்றால், வேண்டும். தாளிக்கிற வீட்டில் திறந்த அலமாரி மூன்றே மாதத்தில் பிசுக்கேறிவிடும்.

எதில் மாட்டுவது?

பரணின் அடியில் நான்கு போல்ட் அடித்துக் கப்போர்டைத் தொங்கவிடுவது கார்பென்டரின் திட்டம். வேண்டாம். அந்தக் காலத்துப் பரண்கள் பெரும்பாலும் இரண்டரை, மூன்று அங்குலக் கனம்தான். மேலே ஏற்கெனவே பித்தளைப் பாத்திரங்களை ஏற்றியிருக்கிறீர்கள், அடியிலும் பாரத்தைக் கட்டுவானேன்? மாடத்தின் இரண்டு பக்கச் சுவரிலும் இரும்பு ஆங்கிள் அடித்து, அதன்மேல் கப்போர்டை உட்காரவைக்கச் சொல்லுங்கள். முன்னுக்கு நகராமல் சுவரோடு இரண்டு ஸ்குரூ போதும். இதில் இன்னொரு லாபம், ஸ்குரூவைக் கழற்றினால் கப்போர்டு அப்படியே வெளியே வந்துவிடும். இரண்டு வருஷத்தில் பெரிய ஃபிரிட்ஜ் வாங்கலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அப்போது அது இதைவிட உயரமாக இருந்தால் உடைக்க வேண்டியதில்லை.

மாடத்தின் குளியலறைப் பக்கத்துச் சுவர் நாலரை அங்குலச் சுவர் என்பதால் சுத்தியலால் தட்டி ஓட்டை போடக்கூடாது, டிரில்தான். அதற்குள் தண்ணீர்க் குழாய் ஓடுகிறதா என்று முதலில் பிளம்பரிடம் கேளுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் ஒயர் குழாய் போகும், அந்தக் கோட்டில் டிரில் போகவே கூடாது.

ஸ்டெபிலைசரைக் கப்போர்டுக்குள் வைத்துவிடலாம் என்பதையும் மறந்துவிடுங்கள். அதுவும் சுடும் சாமான்தான். மாடத்துக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாற்றுங்கள். ஃபிரிட்ஜின் பிளக்கும் அதை நகர்த்தாமலே பிடுங்கும்படி இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். உங்கள் மாடலுக்கு ஸ்டெபிலைசரே தேவையில்லாமலும் இருக்கலாம், எத்தனை வோல்ட்டுக்குள் தாங்கும் என்று கையேட்டில் போட்டிருக்கும்.

பலகை பற்றி: மரைன் பிளை (ஈரம் தாங்கும் பிளைவுட்) என்றால் ஒவ்வொரு பலகையிலும் ஐ.எஸ். 710 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். அறுப்பதற்கு முன் முழுப் பலகையைக் காட்டச் சொல்லுங்கள். மரைன் என்பதால் எதுவும் ஆகாது என்பதும் சரியல்ல, அறுத்த விளிம்பை மூடாவிட்டால் அதற்குள்ளும் ஈரம் ஏறும். கப்போர்டின் தலைக்கும் பரணுக்கும் நடுவே மயிரிழைச் சந்து விட்டால் கரப்பான்பூச்சி குடும்பத்தோடு குடியேறும். வெதுவெதுப்பும் இருட்டும் அதற்குப் பிடித்தவை. அந்த ஒரு இடத்தை மட்டும் சிலிக்கான் போட்டு அடைத்துவிடுங்கள்.

பணமும் அட்வான்ஸும்

கார்பென்டரின் கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். 2½ அடி அகலம், 7 அடி உயரம், 17½ சதுர அடி, 1,900 ரூபாய் வீதம் 33,250. அதாவது ஃபிரிட்ஜ் மறைத்துக்கொண்டு நிற்கும் இடத்துக்கும் சேர்த்து முகப்புக் கணக்கில் காசு கேட்கிறார். இந்தத் தொழிலில் முகப்பை அளந்து விலை போடுவது வழக்கம்தான், ஏமாற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் சொன்ன கப்போர்டின் முகப்பு 3 சதுர அடிகூட வராது. அதே வீதத்தில் 5,500 ரூபாய்க்குள் முடியும். இவ்வளவு சின்ன வேலைக்கு அந்தக் காசில் யாரும் வரமாட்டார்கள், வண்டி வாடகைக்கே காணாது. ஆகவே வீதக் கணக்கை விட்டுவிட்டு மொத்தமாக ஒரு தொகை பேசுங்கள். இரண்டு மடங்கு கேட்டாலும் கொடுக்கலாம். மிச்ச அட்வான்ஸில் மேடைக்கு அடியில் அரிசிக்கும் குக்கருக்கும் இரண்டு டிராயர் போட்டுக்கொள்ளுங்கள். அவருக்கும் வேலை போகாது, உங்களுக்கும் பணம் முடங்காது.

திருப்பிக் கேட்க உரிமை உண்டா என்ற கேள்விக்கு: நான் வக்கீல் இல்லை, இத்தனை வருஷத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். வேலை தொடங்குமுன் மனசு மாறியது நீங்கள். அதற்குள் அவர் உங்களுக்காகப் பலகை வாங்கி அறுத்திருந்தால் அந்தச் செலவை அவர் கேட்பது நியாயம். எனவே இன்றைக்கே போன் செய்து "அறுக்காதீங்க" என்று சொல்லுங்கள். அதையே வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்புங்கள். புதிய அளவு, பலகை, தொகை, முடிக்கும் தேதி நான்கையும் எழுதி, அவர் "சரி" என்று பதில் போட்டால் பின்னால் காட்ட ஓர் ஆதாரம் கையில் இருக்கும். பணத்தை வாங்கிக்கொண்டு வேலையே செய்யாமல் இழுத்தாலோ, சொன்ன பலகைக்குப் பதில் வேறு போட்டாலோதான் சேவைக் குறைபாடு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது. 1915 என்ற உதவி எண்ணிலும் முதலில் கேட்டுப்பார்க்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தவரை, அந்தக் கார்பென்டர் கெட்டவராகத் தெரியவில்லை. கேட்டதைச் செய்கிறேன் என்றிருக்கிறார், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. மாமியாரின் கொப்பரையை மூடியோடு, மூடியின் குமிழோடு அளந்து பாருங்கள். 11½ அங்குலத்துக்கு மேல் போனால், ஆங்கிள் அடிப்பதற்கு முன்பே எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.